தெருவின் நற்பெயர் எழுத்தில் ஏறட்டும்: சிறு கடைகளும் ஏஐ பரிந்துரையும்

கடைத்தெருவில் ஒரு கடையின் பெயர் வாய்வழியாகத்தான் பரவும். "பொண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் எங்க எடுத்தீங்க?" என்று கல்யாண வீட்டில் யாரோ கேட்க, இன்னொருவர் கடைப் பெயரையும் தெருவையும் சொல்வார். பல பாத்திரக் கடைகள் மூன்று தலைமுறையாக நடப்பது இப்படிச் சொல்லப்பட்ட பதில்களால்தான். இன்று அதே கேள்வி கைப்பேசியிடம் போகிறது. சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவு (ஏஐ) உதவியாளர்கள் கேள்வியைக் கேட்டு, நாலைந்து கடைகளின் பெயரைக் காரணத்தோடு சொல்கின்றன. அந்தப் பட்டியலில் இடம்பெறும் கடைகள் எவை, இடம்பெறாதவை ஏன் விடுபடுகின்றன, சிறு கடைக்காரர்கள் இதில் என்ன செய்ய முடியும் என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

மாற்றம் நடந்த வேகத்தை முதலில் பார்க்க வேண்டும். சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30 அன்று. 2024 ஜூனில் கூகுளின் ஜெமினி செயலி தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளில் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் சாட்ஜிபிடிக்குள் இணையத் தேடல் சேர்ந்தது. 2025 ஏப்ரலில் பொருள் வாங்க ஆலோசனை சொல்லும் வசதியும் வந்தது. 2025 அக்டோபரில் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம், ரேசர்பே, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ மூன்றும் சேர்ந்து, உரையாடலுக்குள்ளேயே யுபிஐ வழியாகப் பணம் கட்டிப் பொருள் வாங்கும் சோதனை முயற்சியை அறிவித்தன. அதில் முதலில் இணைந்த வணிகங்களில் ஒன்று பிக்பாஸ்கெட். பெரிய நிறுவனங்கள் இந்த வாசலுக்குள் நுழைந்துவிட்டன. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேல் என்று மதிப்பிடப்படும் சிறு கடைகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி ஒரு வாசல் இருப்பதே இன்னும் தெரியாது.

பழைய தேடலுக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தேடல் பக்கத்தில் பத்து இணைப்புகள் வரும். பொறுமை உள்ளவர் இரண்டாம் பக்கமும் போவார். உதவியாளர் தருவதோ ஒரே பதில். அதில் பெயர் வராத கடை அந்த வாடிக்கையாளரைப் பொறுத்தவரை ஊரிலேயே இல்லாத கடை.

பெயர் எங்கிருந்து வருகிறது?

உதவியாளரின் பதிலுக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, பயிற்சியின்போது அது படித்த ஏராளமான எழுத்துகளிலிருந்து உள்ளே தங்கிய நினைவு. மற்றொன்று, கேள்வி வந்த கணத்தில் இணையத்திலும் வரைபடத் தரவுகளிலும் தேடி எடுத்த பக்கங்கள். தேடி எடுத்ததைப் படித்துவிட்டுப் பதில் எழுதும் இந்த முறைக்கு 2020இல் வெளியான ஓர் ஆய்வு 'மீட்டெடுப்பால் வலுவூட்டிய உருவாக்கம்' என்று பெயர் வைத்தது.

பெரிய நகைக்கடை, துணிக்கடைகளின் பெயர்கள் முதல் ஊற்றிலேயே இருக்கின்றன. அவற்றைப் பற்றிச் செய்திகளும் விளம்பரங்களும் ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்டுள்ளன. தெருமுனை நாட்டு மருந்துக் கடையைப் பற்றி யாரும் எழுதியதில்லை. ஆகவே அந்த நினைவில் அதற்கு இடமில்லை. இரண்டாம் ஊற்றின் வழியாகத்தான் அது பதிலுக்குள் வர முடியும். சிறு கடைக்காரர் உழைக்க வேண்டிய இடமும் அதுதான்.

நினைவிலிருந்து மட்டும் பதில் வந்தால் சிறு கடைக்கு என்ன நேரும் என்பதை ஓர் ஆய்வு காட்டியது. தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், மொழி மாதிரிகள் உலகப் பிராண்டுகளோடு நல்ல பண்புகளையும் உள்ளூர்ப் பிராண்டுகளோடு குறைவான பண்புகளையும் சேர்த்துப் பார்ப்பது தெரியவந்தது. காலணி, துணி, பானம், மின்னணுப் பொருள் எனப் பல வகைகளில் இதைச் சோதித்தார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்த ஓரவஞ்சனை அல்ல இது. அதிகம் எழுதப்பட்டது அதிகம் நினைவில் நிற்கிறது; அதன் விளைவு இது. எழுதப்படாததன் விலையைச் சிறியவர்களே கொடுக்கிறார்கள்.

சிறியவருக்கும் வழி உண்டு

இன்னோர் ஆய்வு நம்பிக்கை தருகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், டெல்லி ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, உதவியாளர்களின் பதிலில் ஒரு வலைப்பக்கம் எவ்வளவு இடம்பிடிக்கிறது என்பதை 10,000 கேள்விகளைக் கொண்டு அளந்தது. ஒரே பக்கத்தை ஒன்பது விதமாகத் திருத்திப் பார்த்தார்கள். ஆதாரம் காட்டுவது, மேற்கோள் சேர்ப்பது, எண்களோடு சொல்வது ஆகியவை பக்கத்தின் இடத்தை 40 சதவீதம் வரை உயர்த்தின. குறிச்சொற்களைத் திணிக்கும் பழைய தந்திரம் பலன் தரவில்லை.

சிறு கடைகளுக்கு முக்கியமான முடிவு இனிமேல்தான் வருகிறது. தேடலில் ஐந்தாம் இடத்தில் இருந்த பக்கங்கள் ஆதாரங்களைச் சேர்த்தபோது, அவற்றுக்குக் கிடைத்த இடம் இரு மடங்குக்கும் மேலானது. முதலிடத்தில் இருந்த பக்கங்களின் இடம் சராசரியாகக் குறைந்தது. பின்வரிசையில் இருப்பவரும் தெளிவாகவும் சான்றோடும் எழுதினால் முன்னால் வர முடியும் என்று இதற்குப் பொருள். அந்த ஆய்வு ஆங்கிலக் கேள்விகளை வைத்து நடந்தது என்பதையும், பக்கத்துத் தெருக் கடையைத் தேடுவதற்கென்று அமைந்தது அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது. வெற்றுப் புகழ்ச்சி உதவாது, விவரம் உதவும்.

மதுரையில் பார்த்தால்

பொதுவாகப் பேசுவதைவிட ஓர் ஊரை எடுத்துக்கொள்வது நல்லது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே, திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய புது மண்டபம் இருக்கிறது. தையல்காரர்கள், புத்தகக் கடைகள், பித்தளைப் பாத்திரக் கடைகள், சடங்குச் சாமான் கடைகள் எனப் பல தலைமுறை வணிகம் அதன் தூண்களுக்கு நடுவே நடந்தது. மண்டபத்தைப் பாதுகாப்பதற்காகக் கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரம் வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டன.

இந்த இடமாற்றம் உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் இணையத்தில் கிடக்கும் சுற்றுலாக் கட்டுரைகள், பயணக் குறிப்புகள், படங்களின் கீழ் எழுதிய வரிகள் பெரும்பாலும் புது மண்டபத்துத் தையல்காரர்களைப் பற்றியே பேசுகின்றன. பழைய முகவரிக்கு ஆண்டுக்கணக்கான எழுத்து இருக்கிறது. புதிய முகவரிக்குச் சில செய்திகள் மட்டுமே. எழுத்தின் எடையை வைத்துப் பதில் சொல்லும் கருவி எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. கடை இடம் மாறிய அன்றே வரைபடக் குறிப்பைத் திருத்தி, புதிய இடத்தை நாலு இடத்தில் எழுதி வைக்காவிட்டால் வாடிக்கையாளர் வெறும் மண்டபத்தின் முன்னால் போய் நிற்பார்.

இரண்டாவது சிக்கல் பெயரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழே முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. பலகையில் தமிழில் இருக்கும் 'ஸ்ரீ மீனாட்சி' என்ற பெயர் கூகுள் வரைபடத்தில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும், ஜஸ்ட்டயலில் வேறொன்றிலும், ஜிஎஸ்டி பில்லில் உரிமையாளர் பெயரிலும் இருக்கும். தொலைபேசி எண்ணும் இடத்துக்கு இடம் மாறும். மனிதர் பார்த்தால் எல்லாம் ஒரே கடைதான் என்று புரிந்துகொள்வார். கருவிக்கோ அவை மூன்று வெவ்வேறு கடைகளாகத் தெரியலாம். ஒரே கடைக்குச் சேர வேண்டிய நற்பெயர் மூன்றாகச் சிதறிப்போகும்.

மூன்றாவது சிக்கலே மிகப் பெரியது. கடைக்காரரின் அறிவு முழுவதும் பேச்சில் இருக்கிறது. எந்தச் சரக்கு எந்த மாதம் புதிதாக வரும், எதை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம், பழைய பாத்திரத்துக்கு ஈயம் பூசித் தருவார்களா என்பதெல்லாம் கல்லாவில் இருப்பவரின் வாயில் இருக்கிறது. மிஞ்சினால் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. தனிப்பட்ட வாட்ஸ்அப் உரையாடலை எந்தத் தேடுபொறியும் படிப்பதில்லை. ஆயிரம் பேருக்கு வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பும் கடைகூட உதவியாளரின் பார்வைக்கு வாய் திறவாத கடைதான்.

என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, விவரங்களை ஒன்றாக்குவது. கடைப் பெயரைத் தமிழில் ஒரு விதமாகவும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலிலும் முடிவு செய்து, முகவரி, தொலைபேசி எண், திறக்கும் நேரம் ஆகியவற்றோடு எல்லா இடத்திலும் அப்படியே பதிய வேண்டும். கூகுள் வணிகக் குறிப்புக்குக் கட்டணம் இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் பிங், ஆப்பிள் வரைபடம் ஆகியவற்றிலும் இலவசமாகப் பதியலாம். உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் உழைப்பால் மாறும். கடையின் வகையை வெறும் 'ஸ்டோர்' என்று விட்டுவிடாமல் சரியாகத் தேர்ந்தெடுப்பது, பண்டிகை நாள் விடுமுறையைப் பதிவது, கடையின் முகப்பையும் உள்ளே சரக்கு அடுக்கியிருப்பதையும் புதிதாகப் படம் எடுத்துப் போடுவது ஆகிய எல்லாமே பொருத்தத்தைக் கூட்டும்.

இரண்டாவது வேலை, கடைக்கென்று ஒரு பக்கம் எழுதுவது. பெரிய வெப்சைட் தேவையில்லை. ஒரே பக்கம் போதும். ஆனால் அதில் எழுத்து இருக்க வேண்டும். விலைப்பட்டியலைப் படமாக ஒட்டினால் அது சரியாகப் படிக்கப்படும் என்று சொல்ல முடியாது. ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் தெரியும் பக்கங்களை இணையப் பக்கங்களைத் தானாகத் திரட்டும் ஏஐ நிறுவனங்களின் நிரல்கள் (திரட்டிகள்) பல படிப்பதில்லை. நிரல்களைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வலைத்தளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2025 ஜூலை முதல் தன்னிடம் புதிதாகச் சேரும் தளங்களில் ஏஐ திரட்டிகளை இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. பயிற்சிக்காகத் திரட்டும் நிரல் வேறு, தேடலுக்காக வரும் நிரல் வேறு; ஓப்பன்ஏஐ இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. முன்னதை மறுத்துவிட்டுப் பின்னதை மட்டும் அனுமதிக்கலாம். தளத்தை அமைத்துக் கொடுத்தவரிடம் கடைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

அந்தப் பக்கத்தில் என்ன எழுதுவது? நாட்டு மருந்துக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான கடைகள் இப்படி எழுதுகின்றன: "சிறந்த தரம், நியாயமான விலை. வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்." இதில் கருவிக்கும் மனிதருக்கும் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. இப்படி எழுதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்: "சுக்கு, திப்பிலி, அதிமதுரம், கடுக்காய், ஆவாரம்பூ, வசம்பு 50 கிராம் முதல் சில்லறையாகக் கிடைக்கும். பிரசவ மருந்துச் சாமான்களை ஒரே செட்டாகக் கட்டித் தருகிறோம். இடித்துச் சலித்துத் தர ஒரு நாள் ஆகும். ஞாயிறு மதியம் 1 மணி வரை கடை உண்டு. வெளியூருக்குப் பார்சல் அனுப்புகிறோம்." ஐந்தே வரியில் குறைந்தது எட்டுக் கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது. "பிரசவ சாமான் செட் எங்கே கிடைக்கும்?" என்று ஒருவர் கேட்கும்போது, பதிலுக்கு எடுத்துக்கொள்ள ஒரு வரி தயாராக இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அந்தப் பக்கத்தில் 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று எழுதக் கூடாது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம், 1954 இத்தகைய விளம்பரத்தைத் தடை செய்கிறது. இருக்கும் சரக்கைச் சொல்லலாம்; இல்லாத குணத்தைச் சொல்லக் கூடாது. உணவுப் பொருள் விற்பவர்கள் தங்கள் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைப் பக்கத்தில் போடுவது நல்லது. யாரும் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய சான்று அது.

தெரிந்தவர் உதவி கிடைத்தால் இதே விவரங்களை ஸ்கீமா என்ற பொதுக் குறிப்பு முறையிலும் சேர்க்கலாம். கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ மூன்றும் சேர்ந்து 2011இல் தொடங்கிய முறை இது. கடை, முகவரி, நேரம், விலை எது எது என்று கணினிக்குக் குழப்பமில்லாமல் காட்டும். ஆனால் இதைச் சேர்த்தால்தான் ஏஐ பதிலில் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தன் ஏஐ பதில்களுக்கெனத் தனிக் குறிப்போ கோப்போ தேவையில்லை என்று கூகுளே சொல்லிவிட்டது.

மூன்றாவது வேலை மொழி. மக்கள் தமிழில் கேட்கிறார்கள், ஆங்கிலத்தில் கேட்கிறார்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியும் கேட்கிறார்கள். பொருளின் பெயர் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. 'எவர்சில்வர்' என்று கேட்பவரும் உண்டு, 'சில்வர்' என்று கேட்பவரும் உண்டு. கல்லாவுக்கு முன்னால் நின்று வாடிக்கையாளர் எந்தச் சொல்லால் கேட்கிறாரோ அந்தச் சொற்கள் எல்லாம் பக்கத்தில் இயல்பாக இடம்பெற வேண்டும். இந்தச் சொற்களைக் கடைக்காரரைவிட நன்றாக அறிந்தவர் எந்த விளம்பர நிறுவனத்திலும் இல்லை.

நான்காவது, ரிவ்யூ. "சூப்பர் கடை" என்ற ஐந்து ஸ்டாரைவிட, "கிரகப்பிரவேசத்துக்குப் பித்தளைக் குடமும் குத்துவிளக்கும் எடுத்தோம், எடை போட்டுக் காட்டிப் பில் கொடுத்தார்கள், ஒரு விளக்கின் திருகு சரியில்லை என்றதும் மாற்றித் தந்தார்கள்" என்ற நாலு ஸ்டார் அதிகம் பேசும். முதலாவதில் கடையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இரண்டாவதில் பொருள், நேர்மை, குறை, அதைத் தீர்த்த விதம் எல்லாம் உண்டு. வாங்கியவரிடம் "என்ன வாங்கினீங்கன்னு நாலு வரி எழுதுங்க" என்று கேட்பதில் தவறில்லை. எழுதினால் தள்ளுபடி என்று சொல்வதைக் கூகுளின் விதி தடுக்கிறது. குறை சொல்லும் ரிவ்யூவுக்கு மரியாதையோடு பதில் எழுதினால், அந்தப் பதிலும் கடையைப் பற்றிய பொது எழுத்தாகிறது.

குறுக்குவழிகளின் ஆபத்து

ஹார்வர்ட் ஆய்வாளர்கள் இருவர் 2024இல் ஒரு சோதனை நடத்தினார்கள். கற்பனையான காபி இயந்திரங்களின் பட்டியலை மொழி மாதிரியிடம் கொடுத்து, ஓர் இயந்திரத்தின் விவரத்துக்குள் மனிதருக்குப் பொருள் விளங்காத எழுத்துக்கோவை ஒன்றைச் செருகினார்கள். வழக்கமாகப் பரிந்துரைக்கப்படாத அந்த இயந்திரம் பட்டியலின் உச்சிக்குப் போனது. கருவிகளை ஏமாற்ற முடியும் என்பது இதனால் நிரூபணமாகிறது. இந்த ஓட்டையை அடைக்கும் வேலை ஏஐ நிறுவனங்களுடையது; ஓட்டையை நம்பிக் கடையின் பெயரைப் பணயம் வைப்பது தற்கொலைக்குச் சமம். ஒருமுறை போலி என்று ஒதுக்கப்பட்டால், இழப்பைத் தாங்கும் பலம் பெரிய நிறுவனத்துக்கு உண்டு, சிறு கடைக்கு இல்லை.

காசு கொடுத்து வாங்கும் ரிவ்யூவும் இதே வகைதான். இணைய ரிவ்யூக்களுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. போலி ரிவ்யூவுக்கு எதிரான நடவடிக்கை உலகெங்கும் இறுகிக்கொண்டே வருகிறது.

"ஏஐயில் உங்கள் கடையை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம்" என்று மாதக் கட்டணம் கேட்பவர்களிடம் மிகுந்த கவனம் தேவை. உதவியாளரின் பதில் கேட்பவரின் இடத்தையும் முன் உரையாடலையும் பொறுத்து மாறும். ஒரே ஆள் ஒரே கேள்வியை இருமுறை கேட்டாலும் பட்டியல் மாறக்கூடும். நிலையான முதலிடம் என்று ஒன்று இங்கே கிடையாது. ஆகவே ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட் எதற்கும் சான்றாகாது. கடைக்காரரே மாதம் ஒருமுறை, வெவ்வேறு கைப்பேசிகளிலிருந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் தன் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளைக் கேட்டுப் பதிலைக் குறித்து வைக்கலாம். பெயர் வருகிறதா என்பதோடு, நேரமும் முகவரியும் சரியாகச் சொல்லப்படுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். தவறு இருந்தால் பதிலின் கீழே காட்டப்படும் மூலப் பக்கத்தைத் தேடிப்போய்த் திருத்த வேண்டும்.

தனி ஆளால் ஆகாது

இவ்வளவையும் காலை ஏழு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கும் ஒருவர் தனியாகச் செய்ய வேண்டும் என்று சொல்வது நியாயமில்லை. இது கூட்டாகச் செய்ய வேண்டிய வேலை. ஒரு தெருவின் கடைகள் சேர்ந்து எழுதும் ஒரே பக்கம், தனித்தனியாக எழுதும் ஐம்பது பக்கங்களைவிட வலுவானது. மதுரை தெற்கு மாசி வீதியின் துணிக்கடைகளையும் கீழமாசி வீதியின் மளிகை மொத்தக் கடைகளையும் பற்றி வணிகர் சங்கமே விவரத்தோடு எழுதி வைத்தால், அது அந்தக் கடைகளுக்கு வெளியிலிருந்து வரும் சான்றாக நிற்கும். தன்னைப் பற்றித் தானே சொல்வதைவிட, பொறுப்புள்ள இன்னொருவர் சொல்வதற்கு எடை அதிகம்.

2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் யாரும் கடையைச் சேர்க்கலாம். பெயரைத் தமிழில் தனியாகவும், திறக்கும் நேரத்தையும் பதியலாம். அந்தத் தரவை எந்த நிறுவனமும் பயன்படுத்தலாம் என்பதால், ஒருவர் செய்த வேலை பலருக்குப் பயன்படும். கல்லூரி மாணவர்கள் களப்பணியாக ஒரு தெருவை எடுத்துக்கொண்டு இதைச் செய்து முடிக்க முடியும். அரசு ஆதரவோடு 2021 இறுதியில் நிறுவப்பட்ட ஓஎன்டிசி வலையமைப்பும் இங்கே நினைக்கத்தக்கது. ஒரே செயலியின் பிடியில் சிக்காமல் சிறு கடையின் சரக்குப் பட்டியலைப் பொது நெறியில் வைப்பது அதன் நோக்கம். நாளைக்கு உதவியாளர்களே நேரடியாகப் பொருள் வாங்கித் தரும்போது, அப்படிப் பொது நெறியில் பட்டியல் வைத்திருக்கும் கடைகளே தயாராக இருக்கும்.

ஏஐ நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. எந்த அடிப்படையில் ஒரு கடையைச் சொல்கிறோம் என்பதையும், காசு வாங்கிக்கொண்டு சொல்கிறோமா என்பதையும் அவை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தவறான முகவரியைத் திருத்தக் கடைக்காரருக்குத் தமிழில் ஓர் எளிய வழி வேண்டும். இதைக் கேட்கும் குரலும் சங்கங்களிடமிருந்தே வர வேண்டும்.

ஆண்டுதோறும் மே 5 அன்று வணிகர் சங்கங்கள் வணிகர் தினத்தைக் கொண்டாடுகின்றன. மாநாட்டுத் தீர்மானங்களோடு, ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் தெருவின் கடைகளைப் பெயர், சரக்கு, நேரம், சிறப்பு என்று தமிழில் எழுதிப் பொதுவில் வைக்கும் பணியை அடுத்த மே 5க்குள் முடிப்பதாக உறுதி எடுத்துக்கொள்ளட்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. கணினி தெரிந்த நாலு இளைஞர்களும் கடைக்காரர்களோடு உட்கார்ந்து பேசப் பொறுமையும் இருந்தால் போதும். நம் கடைகளின் நற்பெயரை நாமே எழுதி வைப்போம். வேறு யாரும் நமக்காக எழுதப் போவதில்லை.